அறுபத்தொரு மூடி

மார்ச் 3, திங்கள்

உள்ளே போனதும் போகாததுமா கோமதிநாயகம் சார் கூப்பிட்டுட்டார். பேக்டரி மேனேஜர் எலக்ட்ரிகல் இன்ஜினியரைக் காலையிலேயே கூப்பிட்டா நல்ல சேதியா இருக்காது. மேஜை மேல ஒரு பன்னீர் சோடா. மூடி திறக்காதது. "நல்லா பாருங்க மேடம்" என்றார். பார்த்தேன். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு ஸ்ட்ரா துண்டு மிதக்குது. சுரண்டையில ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போன பெட்டியில இருந்ததாம். பொண்ணோட தாய்மாமா கையிலயா போய் மாட்டணும்? மனுஷன் மண்டபத்தையே ரெண்டாக்கிட்டாராம்.

கழுவி வர்ற காலி பாட்டில் எல்லாம் எங்ககிட்ட ஒரு வெள்ளை லைட் ஸ்க்ரீன் முன்னால ஓடும். எதிரே ஒரு ஆள் உக்காந்து பார்க்கணும். அழுக்கு, துரும்பு, வாய் உடைஞ்சது எது கண்ணுல பட்டாலும் பட்டனை அமுக்கணும். அமுக்கினா, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு இரும்புக் கை அந்தப் பாட்டிலைத் தட்டி வெளியே தள்ளிடும். கேக்க சுலபமாத்தான் இருக்கும். நிமிஷத்துக்கு நூறு பாட்டில் ஓடும்போது உக்காந்து பார்த்தாத் தெரியும்.

அந்த ஷிப்டுல ஸ்க்ரீன்ல இருந்தது முப்பிடாதி. ஒன்பது வருஷமா காண்ட்ராக்ட்ல இருக்கா. ஏப்ரல் ஒண்ணாந்தேதி நிரந்தரமாக வேண்டிய நாலு பேர்ல அவளும் ஒருத்தி.

சார் ஒரு பேப்பரைத் தள்ளினார். ஜனவரி மூணாவது வாரத்துல இருந்து அவ ஷிப்டுல வெளியே தள்ளின பாட்டில் சரசரன்னு குறைஞ்சிருக்கு. உள்ளே போய் சோடா நிரப்புற ஃபில்லிங் மிஷின்ல வெடிக்கிற பாட்டில் கூடியிருக்கு. அடுத்த ஷிப்டு ராஜகனிகிட்ட ஒரு மாத்தமும் இல்லை.

"ஜனவரியில மிஷின்ல எதுவும் கை வெச்சேளா?" என்று கேட்டார்.

"லைட் ஸ்க்ரீன் பக்கமே நான் போகல சார். கரண்ட் மீட்டர் ஏழும் மாட்டினதுதான் ஜனவரி வேலை."

"அப்ப மிஷின்ல கோளாறா ஆள்கிட்ட கோளாறான்னு பார்த்து எழுதிக் குடுத்துடுங்க" என்றார். அவர் தலைக்குப் பின்னால அந்த மீட்டருக்காக ஹெட் ஆபீஸ் குடுத்த ஷீல்டு. மின்சாரச் சிக்கனத்துக்கு. அதுல எப்சிபா தேவஇரக்கம்னு என் பேரும் இருக்கு. அந்த ரூமுக்குப் போனா ஒரு தடவை அதைப் பார்க்காம வர மாட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

லைனை நிறுத்திட்டு நானே பட்டனை அமுக்கிப் பார்த்தேன். அம்பது தடவை அமுக்கினேன். பட்டன் சேதியை வாங்கி இரும்புக் கையை ஓட்டற கண்ட்ரோலர் பெட்டி அம்பதையும் எழுதிக்கிச்சு. ஒண்ணு கூட விடல. அப்புறம் ஸ்கேன் நேரம் பார்த்தேன். அந்தப் பெட்டி தன் வேலை எல்லாத்தையும் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரு சுத்து சுத்தி வர ஆகுற நேரம் அது. திரையில 18 மில்லி செகண்ட்னு காட்டுது. செகண்டுக்கு அம்பத்தஞ்சு சுத்து. எந்த மனுஷக் கை அதை ஏமாத்த முடியும்?

ஒரு பக்கம் ரிப்போர்ட். "கண்ட்ரோலர் சரியாக இயங்குகிறது. பட்டன் அமுக்கப்பட்டிருந்தால் கட்டாயம் பதிவாகியிருக்கும்." கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்தேன். நாப்பது நிமிஷத்துல முடிஞ்ச வேலைக்கு ரெண்டு நாள் குடுத்திருந்தார் சார்.

சிலிண்டர் தீர்ந்துபோச்சு. ராத்திரிக்குக் கடை இட்லி.

மார்ச் 5, புதன்

லெந்து நோன்பு ஆரம்பம். ஈஸ்டர் வரைக்கும் காபி கிடையாதுன்னு சபதம் எடுத்திருக்கேன். "காபியை விடறதுக்குப் பதிலா கோபத்தை விட்டிருந்தா வீட்டுல நாங்களாவது பிழைச்சுக்குவோம்" என்கிறார் இவர். வாயைப் பாரு.

மார்ச் 7, வெள்ளி

கேன்டீன்ல தட்டை எடுத்துட்டுத் திரும்புறேன், முப்பிடாதி முன்னால நிக்கறா. ஒல்லியா, உயரமா, கண்ணாடி கிடையாது. நாப்பத்தி நாலு வயசுன்னு சொல்ல முடியாது.

"நீங்களா மேடம் எழுதிக் குடுத்தீய?"

"மிஷின் சரியா இருக்குன்னு எழுதினேன். உங்களைப் பத்தி ஒரு வார்த்தை கூட எழுதல."

"ரெண்டும் ஒண்ணுதான மேடம்" என்றாள். சத்தம் போடல. போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன். "கண்ணு டெஸ்டுக்கு திருநெல்வேலிக்கு அனுப்புதாவ. திங்கக்கிழமை போறேன்."

"நல்லதுதானே, பார்த்துட்டு வாங்க" என்றேன். வேற என்ன சொல்றது? மிஷின் காட்டினதைத்தான் எழுதினேன். சாம்பார் ஆறிப்போயிருந்தது.

மார்ச் 8, சனி

இவர் கண்டக்டர் வேலையை விட்டுட்டுப் பெட்டிக்கடை வைக்கப் போறாராம். டவுன் பஸ்ல அஞ்சு ஸ்டாப் இருந்த ரூட்டுல புதுசா ஏழு ஸ்டாப் சேத்துட்டாங்களாம். ஒரு டிரிப்பு முடிச்சு வர்றதுக்குள்ள அடுத்த டிரிப்பு ஆளுங்க காத்திருந்து பார்த்துட்டு ஆட்டோவுல ஏறிப் போயிடறாங்களாம். ஒரு மணி நேரம் இதே புலம்பல். துணி மடிச்சுக்கிட்டே "உம்" கொட்டினேன்.

மார்ச் 10, திங்கள்

கண் டாக்டர் சர்ட்டிபிகேட் வந்திருச்சு. ரெண்டு கண்ணும் முழுப் பார்வை. சின்னப் பொண்ணு கண்ணு மாதிரி இருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்களாம்.

இதோட விட்டுடுவாங்கன்னு பார்த்தேன். கண்ணு நல்லா இருந்தா, பார்த்துக்கிட்டே விட்டிருக்கா, இல்லைன்னா உக்காந்தபடியே தூங்கியிருக்கான்னு காண்ட்ராக்டர் ஆள் சொல்லி, மெமோ அடிச்சாச்சு. விசாரணை 21ஆம் தேதி வெள்ளிக்கிழமை. நிரந்தர லிஸ்ட்ல அவ பேருக்குப் பக்கத்துல பென்சில்ல ஒரு கேள்விக்குறி. நானே பார்த்தேன். பேர் அடிபட்டா இந்த ரோட்டுல வேற எந்தக் கம்பெனியும் சேக்காது.

மெமோவோட என் ரிப்போர்ட்டையும் இணைச்சிருக்காங்க.

மார்ச் 11, செவ்வாய்

தலைவலி. காபி இல்லாததாலதான்.

மார்ச் 13, வியாழன்

ஷிப்டு முடிஞ்சதும் என் ரூம் கதவு டமார்னு திறந்தது. முப்பிடாதி ஒரு பிஸ்கெட் டப்பாவை மேஜை மேல கவுத்தா. முழுக்க சோடா மூடி. நாலஞ்சு உருண்டு கீழே போச்சு.

"அறுபத்தொண்ணு மேடம். காலையில இருந்து ஒருக்க அமுக்குனா டப்பால ஒரு மூடி போட்டேன். வலது கை பட்டன்ல, இடது கை டப்பால. உங்க மிஷின் எவ்வளவு சொல்லுதுன்னு பாருங்க."

பார்த்தேன். முப்பத்தெட்டு.

"எண்ணிக்கை தப்பியிருக்கும்" என்றேன்.

"என்னது?" என்றாள். "ஏழு வயசுல இருந்து கல்யாணமாகுற வரைக்கும் பீடி சுத்தியிருக்கேன். தினம் ஆயிரம். கையில எண்ணம் வந்தா வந்ததுதான். ஒரு நாள் ஒரு பீடி குறைஞ்சதுன்னு எவனும் சொன்னதில்ல. நீங்க சொல்லுதீய!"

எனக்கும் சுருக்னு ஏறிடுச்சு. "இந்தப் பெட்டி செகண்டுக்கு அம்பத்தஞ்சு தடவை பாக்குது. நீங்க கண்ணைச் சிமிட்டறதுக்குள்ள ஏழெட்டு தடவை பாத்துடும். அமுக்கியிருந்தா அதுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அப்ப நான் பொய் சொல்லுதேன்."

"நான் அப்படிச் சொல்லல."

குனிஞ்சு கீழே விழுந்த மூடியெல்லாம் பொறுக்கினா. நானும் ரெண்டு எடுத்துக் குடுத்தேன். வாங்கி டப்பாவுல போட்டுக்கிட்டுப் போயிட்டா. ஆளைப் பார், அகராதி பிடிச்சவ.

மார்ச் 14, வெள்ளி

இன்னைக்கு அவ என் ரூமுக்கு வரல. மேஜை மேல ஒரு துண்டுச் சீட்டு மட்டும் இருந்தது. குண்டு குண்டு எழுத்துல "58". மிஷின்ல பார்த்தேன். 36. சீட்டைக் கசக்கிக் குப்பையில போட்டேன். அப்புறம் எடுத்து நீவி டைரிக்குள்ள வெச்சேன். எதுக்குன்னு தெரியல.

மார்ச் 16, ஞாயிறு

கோவில்ல பிரசங்கம் எதைப் பத்தின்னு இவர் கேட்டா மாட்டிக்குவேன். காணிக்கைக் கவருக்குப் பின்னால கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன். 38ஐ 61ஆல வகுத்தா நூத்துக்கு அறுபத்திரண்டு. 36ஐ 58ஆல வகுத்தாலும் அறுபத்திரண்டு.

தப்பா எண்ணுறவ ரெண்டு நாளும் அதே அளவுக்குத்தான் தப்பா எண்ணுவாளா? தூங்குறவளும் ரெண்டு நாளும் அதே அளவுக்கா தூங்குவா? எனக்கே என் மேல சந்தேகம் வந்திருச்சு. பாட்டுக்கு எல்லாரும் எழுந்து நின்னதைக் கூடக் கவனிக்கல. பக்கத்துல இருந்த ஜாய்ஸ் அக்கா முழங்கையால இடிச்சாங்க.

கவர் வீணாப்போச்சு. காணிக்கையைக் கவர் இல்லாமலே போட்டேன்.

மார்ச் 17, திங்கள்

காலையில முதல் வேலையா லைட் ஸ்க்ரீன்கிட்ட போய் நின்னேன். முப்பிடாதி என்னைப் பார்த்தா, பாட்டில் பக்கம் திரும்பிட்டா.  அரை மணி நேரம் நின்னேன். அவ தூங்கல. ஒரு நொடி கூடத் தூங்கல. அந்தக் கண்ணு ஒவ்வொரு பாட்டிலையும் அடியில இருந்து வாய் வரைக்கும் தடவிட்டுப் போகுது. எனக்குத் துரும்புன்னே தெரியாததுக்கு அவ கை பட்டன்ல பட்டு மேலே வந்துடுது.

அந்தக் கையைத்தான் அப்புறம் பார்க்க ஆரம்பிச்சேன். ராஜகனி அமுக்கறது எனக்குத் தெரியும். கட்டைவிரலை வெச்சு, யார் வீட்டுக் காலிங் பெல்லையோ அமுக்கற மாதிரி நல்லா அழுத்துவாங்க. நான் சோதிச்சப்ப நானும் அப்படித்தான் அமுக்கினேன். முப்பிடாதி ஆள்காட்டி விரல் நுனியால ஒரு தட்டு. டிக். அவ்வளவுதான், விரல் அங்கே இல்லை.

போன்ல மெதுவா ஓடற வீடியோ எடுத்தேன். செகண்டுக்கு 240 படம் எடுக்கும். பட்டன் உள்ளே போய் வெளியே வர்றதை எண்ணினேன். 21 படம், 22, 21, 22. கிட்டத்தட்ட 90 மில்லி செகண்ட். என் கையை எடுத்துப் பார்த்தா 75 படம். முன்னூறுக்கு மேல.

சரி, வேகமான கைதான். ஆனா தொண்ணூறு கூடப் பதினெட்டை விட எவ்வளவோ பெருசு. அஞ்சு தடவை பார்த்திருக்கணும் இந்தப் பெட்டி. ஏன் பார்க்கல? புரியல. ராத்திரி சோத்துல உப்பு போட மறந்துட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லல, என் மூஞ்சி அப்படி இருந்திருக்கும்.

மார்ச் 18, செவ்வாய்

பல் தேய்க்கும்போது தெரிஞ்சது. பிரஷ்ஷோட அப்படியே நின்னுட்டேன்.

பெட்டி செகண்டுக்கு அம்பத்தஞ்சு தடவை பார்க்குது, வாஸ்தவம். எதைப் பார்க்குது? பட்டனையா? இல்லை. பட்டனைப் பத்தி வந்த சேதியைப் பார்க்குது. பட்டன் இருக்கறது ஸ்க்ரீனுக்குப் பக்கத்துல ஒரு சின்னப் பெட்டியில. அங்கிருந்து கண்ட்ரோலர்ங்கிற பெரிய பெட்டிக்கு ரெண்டே ரெண்டு கம்பி. அந்தக் கம்பியில இது மாதிரி சின்னப் பெட்டிங்க, மீட்டருங்க எல்லாரும் வரிசையா தொங்குறாங்க. பெரிய பெட்டி ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு "உன்கிட்ட என்ன சேதி"ன்னு கேட்டு, பதில் வாங்கிட்டுத்தான் அடுத்தவங்ககிட்ட போகும். ஒருத்தருக்குப் பன்னெண்டு மில்லி செகண்ட். திரும்ப நம்ம முறை வர்ற வரைக்கும் அது பழைய சேதியையேதான் திரும்பத் திரும்பப் படிச்சுக்கிட்டு இருக்கும். நடுவுல பட்டனை அமுக்கி விட்டுட்டா அமுக்கினதே அதுக்குத் தெரியாது.

ஜனவரி வரைக்கும் அந்தக் கம்பியில அஞ்சு பேர். ஒரு சுத்துக்கு அறுபது. முப்பிடாதி விரல் தொண்ணூறு. ஒரு நாளும் தப்பாது.

ஜனவரியில ஏழு பேர் சேந்தாங்க. பன்னெண்டு பேர், பன்னெண்டு பன்னெண்டு நூத்தி நாப்பத்தி நாலு. தொண்ணூறை நூத்தி நாப்பத்தி நாலால வகுத்தேன். நூத்துக்கு அறுபத்திரண்டரை.

அறுபத்தொரு மூடியில முப்பத்தெட்டு.

டைரியைப் பின்னால புரட்டினேன். ஜனவரி 18, சனி: "ஏழு மீட்டரும் மாட்டியாச்சு! தனிக் கம்பி இழுக்காம இருக்கிற லைன்லயே சேத்துட்டேன், அரை நாள் மிச்சம். சார் கேக் வாங்கினார்." ஆச்சரியக்குறி வேற போட்டிருக்கேன்.

மீட்டரைச் சேக்கும்போது ஒரு சுத்துக்கு எவ்வளவு நேரம் கூடும்னு கணக்குப் போட்டுப் பார்த்திருக்கணும். ஒரு பெருக்கல். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை போடற பெருக்கல். போடல. அப்புறம் கேள்வி வந்தப்பவும் திரையில இருந்த பதினெட்டைப் பார்த்துட்டு அதுதான் எல்லாம்னு கையெழுத்துப் போட்டேன். எல்லாரையும் விட வேகமா, சுத்தமா வேலை செய்யற ஆளைப் பார்த்து, எண்ணத் தெரியலைன்னு சொன்னேன். அவமானமா இருக்கு. வெறும் அவமானம், வேற பேர் இல்லை அதுக்கு.

காபி குடிச்சேன். ரெண்டு டம்ளர். ஆண்டவர்கிட்ட என் பேர்ல இதைவிடப் பெரிய புகார் போயிருக்கும்.

மார்ச் 19, புதன்

பத்து மணிக்கு ஏழு மீட்டர் கம்பியையும் கழட்டி விட்டேன். ஒரு மணி நேரம். முப்பிடாதி அக்கா டப்பாவுல ஒன்பது மூடி. மிஷின்ல ஒன்பது. திரும்ப மாட்டினேன். அடுத்த மணியில பதினொரு மூடி, மிஷின்ல ஏழு.

அக்காகிட்ட ஒண்ணும் சொல்லல. "என்னத்த மேடம் போட்டுப் போட்டு கழட்டுதீய?" என்று கேட்டாங்க. "சும்மா"ன்னு சொல்லிட்டு வந்தேன். நாக்கு எழும்பல.

உண்மையை எழுதிடறேன். பஸ்ல வரும்போது வேற மாதிரியும் யோசிச்சேன். ஞாயித்துக்கிழமை சத்தமில்லாம பட்டனுக்குத் தனியா ஒரு கேபிள் இழுத்து விட்டா எல்லாம் சரியாயிடும். யாருக்கும் தெரியாது. சார்கிட்ட, "பாவம், ஒன்பது வருஷம் வேலை பார்த்திருக்கா, இந்த ஒரு தடவை விட்டுடுங்க"ன்னு சிபாரிசு பண்ணிடலாம். ஷீல்டும் இருக்கும், அவங்க வேலையும் இருக்கும்.

வீட்டுல இவர்கிட்ட சொன்னேன். பையில இருந்த சில்லறையை மேஜையில கொட்டிக்கிட்டு இருந்தவர் நிமிர்ந்தார்.

"மீட்டர் மாட்டினது நீ. கேக் தின்னது நீ. ஷீல்டு வாங்கினது நீ. மெமோ மட்டும் அந்தம்மாவுக்கா?"



மார்ச் 20, வியாழன்

சார் ரூம் வாசல்ல ரெண்டு தடவை போயிட்டுத் திரும்பி வந்தேன். மூணாவது தடவை அவரே பார்த்துட்டார். "என்ன மேடம், கோவில் சுத்துறேளா? உள்ள வாங்க."

சொல்லிட்டேன். உக்காரக் கூட இல்லை.  மில்லி செகண்டுன்னு ஆரம்பிச்சதும் அவர் கையைத் தூக்கினார். "எனக்குப் புரியற மாதிரி."

"சார், அஞ்சு ஸ்டாப் இருந்த டவுன் பஸ் ரூட்டுல நான் ஏழு ஸ்டாப்பைச் சேத்துட்டேன். பஸ் வர்ற வரைக்கும் கையைத் தூக்கிக்கிட்டே நின்னவங்களை ஏத்திக்கிச்சு. டக்குனு தூக்கி இறக்கினவங்களை விட்டுட்டுப் போயிடுச்சு. கையே தூக்கலைன்னு நான் எழுதிக் குடுத்துட்டேன்."

 கத்துவார்னு நினைச்சேன். கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டார்.

"மெமோவை நீட்டுனப்ப அந்தப் பொண்ணு என்னைப் பார்த்த பார்வை இருக்கே மேடம், பத்து நாளா எனக்குச் சோறு இறங்கல. நல்லவேளை. நல்லவேளை சொன்னேள்." அப்புறம்தான் மேனேஜர் குரல் வந்தது. "ஆனா உங்க முதல் ரிப்போர்ட்டையும் நம்பினேன். இதையும் சும்மா நம்ப மாட்டேன். நாளைக்கு விசாரணையில எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை கேபிள் இழுங்க. திங்கக்கிழமை முழு ஷிப்டு. டப்பாவுல இருக்கற மூடியும் மிஷின் எண்ணிக்கையும் ஒண்ணா இருக்கணும். ஒண்ணு கூடினாலும் குறைஞ்சாலும் ஹெட் ஆபீஸ் என்னை விடாது. சரியா இருந்தா அங்கேயே லிஸ்ட்ல கையெழுத்துப் போடறேன்."

மார்ச் 21, வெள்ளி

அப்பாடா.

முதல்ல அதை எழுதிட்டேன். இப்ப விவரம். சார், காண்ட்ராக்டர் ஆள், நான், முப்பிடாதி அக்கா. அக்கா கறுப்புக் கரை போட்ட புடவை கட்டி, கண் டாக்டர் சர்ட்டிபிகேட்டை பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கொண்டுவந்திருந்தாங்க. 

எழுதி வெச்சதைப் படிச்சேன். ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கறேன், தப்பு மிஷின்ல, மிஷின்ல அந்தத் தப்பு வந்தது என்னால. காண்ட்ராக்டர் ஆள் ஃபேனையே பார்த்துக்கிட்டு இருந்தார். படிச்சு முடிச்சு, பேப்பரைக் கீழே வெச்சுட்டு, "மன்னிச்சிடுங்க அக்கா" என்றேன். இது பேப்பர்ல இல்லை.

"அப்ப என் கண்ணு நல்லா இருக்கு. நான் தூங்கல. எண்ணமும் தப்பல. அப்படித்தான மேடம்?"

"ஆமாக்கா. மூணும்."

"நாலு பேருக்கு முன்னால சொல்லிட்டீய. அது போதும்." கவரை மடியில வெச்சுக்கிட்டாங்க. "கண்ணு அவிஞ்சு போச்சுன்னு சொன்னாக்கூட பொறுத்துக்கிட்டிருப்பேன். தூங்குதேன்னு சொன்னதுதான் ஆறல."

சார் சும்மா இருக்காம, "ஏம்மா, நீயும் கொஞ்சம் அழுத்தி அமுக்கியிருக்கலாம்லா?" என்றார்.

"நூறு பாட்டில் ஓடுது சார். விரலை அங்கனயே ஊனிக்கிட்டு இருந்தா அடுத்த பாட்டிலை யாரு பாக்கது? நீங்களா?"

 எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்தது. அடக்க முடியல. அக்கா என்னைப் பார்த்தாங்க, அவங்களுக்கும் உதடு ஓரத்துல கொஞ்சம் வந்திருச்சு.

மார்ச் 22, சனி

ஒன்பது மணி வரைக்கும் தூங்கினேன். இவர் காபி போட்டு, "சபதம் என்னாச்சு?" என்று கேட்டுக்கிட்டே நீட்டினார். வாங்கிக்கிட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

முதல் ஆராதனைக்குப் போயிட்டு நேரா பேக்டரி. நாப்பத்திரண்டு மீட்டர் கேபிள். பட்டன்ல இருந்து நேரா பெரிய பெட்டிக்கு. நடுவுல யாரும் இல்லை, யார் முறைக்கும் காத்திருக்க வேண்டாம். எப்பவும் நாலு தடவை அளந்தாலும் கேபிள் ஒரு முழம் குறையும், இன்னைக்குக் குறையல. இந்தத் தடவை கணக்கையும் போட்டேன், காகிதத்துல, பெருக்கிக் கூட்டி. அப்பத்தான் பார்த்துட்டுப் போயிருந்தாலும் அடுத்த சுத்துல பிடிச்சுடும். அதிகமாப் போனா பதினெட்டு. தொண்ணூறு விரலுக்குத் தாராளம்.

மார்ச் 24, திங்கள்

காலை ஆறு மணிக்கே போயிட்டேன். அக்கா டப்பாவைக் காலி பண்ணிக் காட்டினாங்க, நான் மிஷின்ல எண்ணிக்கையை ஜீரோ ஆக்கினேன். சார் வேற நடுநடுவுல வந்து எட்டிப் பார்த்துட்டுப் போறார்.

பத்தரை மணிக்கு அக்கா தண்ணி குடிக்கப் போனாங்க. நாலு நிமிஷம் நான் உக்காந்தேன். ஏ அப்பா! கண்ணு கூசுது, பாட்டில் ஓடுதா நாம ஓடுறோமான்னு தெரியல. வாய் உடைஞ்ச ஒண்ணு கண்ணுல பட்டது, படக்குனு அமுக்கிட்டேன். அவங்க வந்து தோளைத் தொட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. ஒன்பது வருஷமா இதைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க.

ரெண்டு மணிக்கு ஷிப்டு முடிஞ்சது. என் ரூம்ல டப்பாவைக் கவுத்து, சார், நான், அக்கா மூணு பேரும் எண்ணினோம். அம்பத்தேழு மூடி. மிஷின்ல பார்த்தேன்.

அம்பத்தெட்டு.

 திரும்ப எண்ணினோம். அம்பத்தேழுதான். மேஜைக்குக் கீழே தேடினேன், டப்பாவைத் தட்டினேன், குனிஞ்சு நாற்காலிக்கு அடியில பார்த்தேன். இல்லை. சார் லிஸ்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு நின்னார், பேனா மூடி திறந்தே இருந்தது. "என்ன மேடம், இப்ப மிஷின் இல்லாததையும் எண்ணுதா?" என்றார். கேபிள்ல ஏதாவது குறும்பான்னு எனக்கு மண்டை சுத்துது. ஆண்டவரே, இன்னொரு தடவை என்னால இவங்க பேர் கெடக்கூடாதுன்னு மனசு அடிச்சுக்குது.

அக்கா மட்டும் சிவனேன்னு நின்னுக்கிட்டு இருந்தாங்க.

"அக்கா, ஒண்ணு போட மறந்திருப்பீங்களா?" என்று கேட்டே விட்டேன். கேட்டதும் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்.

"நான் மறக்கல. நீங்கதான் மறந்துட்டீய. பத்தரைக்கு ஒருக்க அமுக்குனீயல்லா?" என்றாங்க. "தண்ணி குடிச்சிட்டு வரும்போதே பார்த்தேன். நான் அமுக்குனதுக்குத்தான் நான் மூடி போடுவேன். நீங்க அமுக்குனதுக்கு நான் எதுக்குப் போடணும்?"

சார் ஒரு நிமிஷம் முழிச்சார். அப்புறம் அந்த ரூமே அதிர்ற மாதிரி சிரிச்சார். மேஜை மேலேயே லிஸ்ட்டை விரிச்சு, பென்சில் கேள்விக்குறியை ரப்பரால தேய்ச்சுட்டு, முப்பிடாதிங்கற பேருக்கு நேரா கையெழுத்துப் போட்டார். நான் நாற்காலியில உக்காந்துட்டேன்.  சந்தோஷம்தான், வேற ஒண்ணும் இல்லை. அழுகை வேற வந்து தொலைச்சது. அக்கா பார்க்காத மாதிரி மூடியெல்லாம் டப்பாவுல அள்ளிக்கிட்டு இருந்தாங்க.

ஆறு மணிக்கே வந்ததால மூணு மணிக்குக் கிளம்பி பேக்டரி கேட் பக்கத்துல பஸ்ஸுக்கு நிக்கறேன். பின்னால இருந்து அக்கா வந்து என் கையைப் பிடிச்சு, உள்ளங்கையில எதையோ வெச்சு விரலை மூடிவிட்டாங்க. திறந்து பார்த்தேன். ஒரு சோடா மூடி.

"அம்பத்தெட்டாவது. உங்க எண்ணத்துல வச்சுக்கிடுங்க" என்று சொல்லிட்டு, அவங்க பஸ்ஸுக்கு டக்குனு கையைத் தூக்கி இறக்கினாங்க. பஸ் நின்னது. ஏறிப் போயிட்டாங்க.

மூடி இந்தப் பக்கத்துலதான் இருக்கு. டைரி சரியா மூட மாட்டேங்குது.